சகலன் வீட்டு நீல வெளிச்சம்

சகலன் வீட்டுக்குப் போய்வந்தால் எனக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதர் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியதற்காக நான் எரியவில்லை. புதுக் கார் வாங்கியபோதும் எரியவில்லை, கொஞ்சம்தான் எரிந்தேன். ஆனால் அவருடைய பேஸ்மென்ட்டில் ஒரு கடல் மீன் தொட்டி இருந்தது. அந்தத் தொட்டிக்குள் என்னுடைய பவளம் இருந்தது.

எங்களுடையது சென்ட் லோரன்டில் ஒரு வாடகை வீடு. வரவேற்பறை மூலையில் நான் வைத்திருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குச் சகலனுடையதைவிட வயது அதிகம். உப்புக் கலப்பது, சூடு பார்ப்பது, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது எல்லாம் நானே. சுண்டுவிரல் நீளத்தில் வாங்கிவந்த ஒரு கிளைப்பவளம் சில வருடங்களில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. பவளம் செடியல்ல, பிராணி. ஆனாலும் செடியைப்போல அதற்கும் வெளிச்சம்தான் சாப்பாடு. நான் பூட்டியிருந்தது ரியூப் லைட். பவளத்தின் நிறம் மண்ணிறம். அதில் ஒரு குறையும் அதுவரை என் கண்ணில் படவில்லை.

சகலனுக்குத் தொட்டி ஆசை வந்ததே எங்கள் வீட்டில்தான். கல் அடுக்குவது முதல் எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்தேன். என் பவளத்தில் ஒரு கிளையை முறித்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, குளிர் படாமல் ஜக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுபோய் அவருடைய கல்லில் ஒட்டியும் கொடுத்தேன். அவர் அப்போதுதான் கடைக்கு வந்திருந்த எல்.ஈ.டி. விளக்கை வாங்கி மேலே தொங்கவிட்டார். ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை நீலம். சில மாதங்களில் என் மண்ணிறக் கிளை ஊதாவாக மாறியது. நுனிகளில் பச்சை வேறு. முதல்முறை பார்த்தபோது வேறு பவளத்தை வாங்கி வைத்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டுக் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். நான் வைத்த பசை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பிட்டு முடித்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கீழே இறங்குவார்கள். "என்ன வடிவு!" என்பார்கள். சகலன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் தர்மகர்த்தா மாதிரிப் பக்கத்தில் நிற்பார். அந்தக் கிளை எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் வாய் திறக்கமாட்டார். திரும்பி வரும்போது காருக்குள் என் மனைவி ஆரம்பிப்பாள்.

"எங்கடையும் அதே பவளம்தானே? ஏனப்பா ஊத்தை பிடிச்ச மாதிரிக் கிடக்கு? நீங்களும் உந்த லைட்டை வாங்குங்கோவன்."

விலையும் அதிகம்தான். ஆனால் காரணம் அதுவல்ல. வாங்கினால் அவரைப் பார்த்து வாங்கினேன் என்று ஆகிவிடும். அதற்கு நான் இருட்டிலேயே தொட்டி வைத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை சகலன் போன் எடுத்தார். "அண்ணை, நீல லைட் ஒண்டும் எரியேல்லை. ஒருக்கா வந்து பாக்கிறீங்களே?"

எனக்குத் தொழிற்சாலையில் ஈயத்தை உருக்கிச் சோல்டர் பிடிக்கிற வேலை என்பது அவருக்குத் தெரியும். "பேந்து, நேரம் கிடைச்சால் வாறன்" என்று கனமாகச் சொல்லி வைத்துவிட்டு, தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் புறப்பட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பவளம் மங்கிப்போய், சாயம்போன சீலைத் துண்டுபோல நின்றது. அசல் எங்கள் வீட்டுப் பவளம். நான் கதிரையை இழுத்துப் போட்டு, ஆராய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆசைதீரப் பார்த்தேன்.

விளக்கைக் கழற்றித் திறந்தால், சூட்டை வெளியே தள்ளுகிற சின்ன ஃபான் முழுக்கக் கறுப்புப் பிசின். சுழலவே இல்லை.

"இதென்ன, அடுப்படிப் புகை மாதிரி?" என்றேன்.

"வெள்ளிக்கிழமையிலை சாம்பிராணி காட்டிறனான், அத்தான்" என்றாள் மனைவியின் தங்கை.

"மீனுக்கோ?"

"பாக்க வாறவையின்ரை கண் படக்கூடாதெல்லே."

அவள் என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். சகலன் சுவரைப் பார்த்தார். நான் குனிந்து ஃபானின் திருகாணியைக் கழற்றினேன். யாருடைய கண்ணுக்காக வாராவாரம் அந்தச் சாம்பிராணித் தட்டு தொட்டியைச் சுற்றியது என்பது எனக்குத் தெரியாதா? புகையை ஃபான் இழுத்து, ஃபான் இறுகி, சூடு ஏறி, ஒரு பல்ப் கருகியிருந்தது. நீல பல்புகள் எல்லாம் ஒரே சரமாகக் கோத்தவை. ஒன்று செத்தால் வரிசையே அணைந்துவிடும். ஒவ்வொன்றின் இரு முனையையும் கம்பித் துண்டால் இணைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் இணைத்ததும் மற்றதெல்லாம் பளிச்சென்று எரிந்தன. விளக்குப் பெட்டியோடு வந்த மேலதிக பல்புகளைச் சகலன் எறியாமல் வைத்திருந்தார். செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் சோல்டர் வைத்துப் பிடித்தேன். பிசினைத் துடைத்து, பேஸ்மென்ட்டில் கிடந்த பழைய கொம்பியூட்டர் ஒன்றின் ஃபானைப் பூட்டினேன்.

நீலம் எரிந்தது. ஊதாவும் பச்சையும் திரும்பி வந்தன. என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று வயிறு எரிந்தது.

"புகை போய் வெளிச்சம் கூடியிருக்கு. முதலிலை குறைச்சு வைச்சு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. ஒரேயடியாக் கூட்டினால் வெளிறிச் செத்துப்போகும்" என்றேன். சொல்லாமல் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சாகப்போவது என் பவளம்.

அடுத்த மாதம் அவர்களுடைய மகளின் பிறந்தநாள். வழக்கம்போல எல்லோரும் கீழே இறங்கினார்கள். சகலன் என் தோளில் கை போட்டார்.

"லைட் பழுதாப்போய், இவர்தான் வந்து திருத்தித் தந்தவர்."

அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "அண்ணை, எங்கடை குசினி லைட்டும் ஒண்டு மினுங்கி மினுங்கி எரியுது. ஒருக்காப் பாப்பியளே?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் என் மனைவியின் குரல் கேட்டது. "அந்தப் பவளம் எங்கடை. இவர் முறிச்சுக் குடுத்தது."

கேக் தட்டோடு வந்த அவளுடைய தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்கென்னக்கா? வேணுமெண்டால் கொண்டு போங்கோவன்."

"ஓம் அண்ணை, இப்பவே கழட்டித் தாறன்." சகலன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டத் தொடங்கினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது வேண்டும். அப்படியே அள்ளிக்கொண்டு போகவேண்டும். என் மனைவி ஒரு பை கேட்டு மேலே ஏறப்போனாள். எங்கள் வீட்டு மூலையில், அந்த ரியூப் லைட்டின் கீழே இந்த ஊதா ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வேண்டாம்" என்றேன். "எங்கடை வீட்டிலை இந்த நிறம் வராது."

சகலன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.