சூடான பாலும் ஒரு கண்ணாடிக் குழாயும்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வாங்கி வைத்த லாக்டோமீட்டரை யார் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அடியில் ஈயக் குண்டு, மேலே கோடு போட்ட மெல்லிய குழாய். பாலில் விட்டால் மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் இன்னும் ஆழமாக இறங்கும். எதையும் முதல் தடவையிலேயே நம்பாத புத்தி எனக்கு உத்திரமேரூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது வந்தது.

அங்கே நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் மகா சந்தேகப் பிராணி. விறகு குறைந்தால் என்னையே ஒரு மாதிரி பார்ப்பார். எருமையைக் கறப்பது அவர். பாலைத் தெருக்கோடி காபி கிளப்புக்குக் கொண்டுபோவது கூரத்திலிருந்து வந்த மருமகள். ஒரு தை மாதம் கிளப்காரர் இந்தக் குழாயை வாங்கி வந்தார். தூரத்து ஊர்ப் பால் எல்லாம் தேறியது. பக்கத்திலேயே இருந்த எங்கள் பால் மட்டும் தேறவில்லை.

"நான் சொல்லலம்மா, கண்ணாடி சொல்லுது. பால்ல தண்ணி கீது" என்றார் கிளப்காரர். விலையைக் குறைக்க வழி பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மாளுக்கோ வேறு கணக்கு. "கறந்தது நானு. எடுத்துக்கினு போனது அவ. அப்போ தண்ணி எங்கேந்து வந்துச்சி?" மருமகள் சாமி மேல் சத்தியம் செய்தாள். மறுநாளே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவாகி, அவள் துணிமூட்டை கட்டினாள்.

விடிந்ததும், திருட்டை ருசுப்படுத்த, அம்மாள் தாமே கறந்து நுரை அடங்கும் முன்பே சொம்பைத் தூக்கிக்கொண்டு போனார். காபி குடிக்க நானும் அங்கே இருந்தேன். குழாய் அதே ஆழத்துக்கு இறங்கியது. அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "எம்புள்ள வரட்டும். அதுவரிக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழனியிலிருந்து மகன் வர நேரமாயிற்று. வந்ததும் பாலைக் கலக்கி மறுபடி குழாயை விட்டார்கள். நல்ல பாலுக்கு நிற்கவேண்டிய கோட்டில் வந்து நின்றது.

"இன்னாடா இது! கலந்த தண்ணி எங்க பூட்ச்சி?"

நான் சொம்பைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சூட்டில் பால் விரிகிறது. விரிந்தால் அடர்த்தி குறைகிறது. நுரையில் காற்று வேறு. அதனால் குழாய் கூடுதலாக அமிழ்கிறது. தூரத்துப் பால் வழியிலேயே ஆறிவிடும். எங்கள் பால் மடிச்சூட்டோடு போய் நின்றது.

அம்மாள் ஓடிப்போய்த் தம் கையாலேயே மூட்டையை அவிழ்த்தார். மருமகள் அழவில்லை. "நேத்து வந்த கண்ணாடிய நம்பினியே அத்த. ரெண்டு வருசமா உன் வூட்ல கீற என்ன ஏன் நம்பல?" என்றாள்.

இப்போதும் வருடா வருடம் சூடான பாலிலும் ஆறிய பாலிலும் இந்தக் குழாயை விட்டுக் காட்டி அடர்த்திப் பாடம் நடத்துகிறேன். குழாய் ஏன் இறங்கியது என்று பிள்ளைகள் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். அந்த மருமகள் கேட்டதையும் சொல்லிவிட்டுத்தான் பாடத்தை முடிப்பேன்.