மூக்கு முளைத்த பொம்மை

டோம்பிவிலியில் பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்கள் நேற்றுக் கொலுவுக்குக் கூப்பிட்டார்கள். சுண்டல் வாசனை வந்ததோ இல்லையோ, ராஜு மேல் எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அறுபதுகளில் மாட்டுங்காவில் நானும் ராஜுவும் ஒரே அறை, ஒரே குடை. அவனுக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ். எனக்குக் கல்யாணுக்கு அப்பால், மலைக்குகைகளின் அடிவாரத்தில் ஒரு புராதன ஊரைத் தோண்டிய இடத்தில் தற்காலிக வேலை. கிடைக்கிற பானை ஓடுகளைப் படம் வரைய வேண்டும். ஏதோ நானே அந்த ஊரைக் கட்டியவன் மாதிரி தினமும் அளப்பேன். கேட்க அவன் ஒருவன்தான் இருந்தான்.

ஒரு சனிக்கிழமை, குகை வாசலில் மண் சரிந்த இடத்தில் சுடுமண் பொம்மை ஒன்று அகப்பட்டது. இடுப்பில் கை வைத்த பெண், மூக்கு மட்டும் இல்லை. அதிகாரி ஊரில் இல்லாததால் கைக்குட்டையில் சுற்றி அறைக்குக் கொண்டுவந்தேன். வேலை நிரந்தரமாகிவிடும் என்று இருவரும் காப்பி குடித்துக் கொண்டாடினோம். திங்களன்று எனக்குக் காய்ச்சல்.

"நீ படுத்துக்கோடா. உன் அதிகாரி ஆபீஸும் ஃபோர்ட்லதானே, நானே குடுத்துடறேன்" என்றான் ராஜு.

சாயங்காலம் வந்து அழுதான். "தாதர்ல கூட்டத்துல பை நழுவிடுத்துடா." கஞ்சி குடித்துக்கொண்டே நான்தான் அவனைத் தேற்றினேன்!

நடந்ததை அதிகாரியிடம் சொன்னேன். யாரிடம் விற்றாய் என்று மட்டும் கேட்டார். வேலை போயிற்று.

நவராத்திரிக்குக் கீழ்வீட்டில் கொலு. கல்யாணி என்று அந்த வீட்டுப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் படியில், இடுப்பில் கை வைத்தபடி என் பொம்மை. மஞ்சள் முகம், பச்சைப் புடவை, கூரான மூக்கு.

"குறத்தி எப்படி இருக்கா?" என்றாள் கல்யாணியின் அம்மா. "ராஜுதான் கொண்டுவந்து குடுத்தான். மூளியா இருந்தா. நான்தான் மூக்கு வெச்சு, பெயின்ட் அடிச்சேன்."

ராஜு குனிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். தெருவுக்கு வந்ததும், "பழைய பொம்மைதானேடா, கல்யாணி ஆசைப்படுவான்னு குடுத்தேன்" என்றான். பச்சைப் பெயின்ட் அடித்ததைத் தூக்கிப்போய் ஈராயிரம் வருஷப் பழசு என்றால் யார் நம்புவார்கள்?

அவளையே கல்யாணம் செய்துகொண்டான். செம்பூரில் அவர்கள் வைத்த கொலுவுக்கு வருஷம் தவறாமல் போனேன். பார்க்கப் போனது அவனை அல்ல. உல்லாஸ்நகர் போனபின் அவர்கள் கொலு வைக்கவில்லை, நான் போவதும் நின்றது.

தோண்டிய இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். கல்யாணியும் போய்விட்டாள். நேற்று இரவு மனசு கேட்காமல் அவனுக்கு போன் செய்தேன்.

"கொலு பொம்மையா? வீடு மாத்தறச்சே எல்லாத்தையும் கழிச்சாச்சுடா."

"அந்தக் குறத்தி?"

கொஞ்சம் யோசித்தான். "எந்தக் குறத்தி?" என்றான்.