உப்பு முடிச்சு

சங்கிலியம்மாளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. முகவாயை ஒரு வெட்டு வெட்டுவாள், அவ்வளவுதான். விடியுமுன் கம்பம் ஊரில் தெருமுனையில் ஜீப்பு உறுமிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள். சங்கிலியம்மாள் யாரைப் பார்த்து வெட்டினாளோ அவளுக்கு அன்றைக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. பார்வை தாண்டிப் போய்விட்டால், வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். "பெட்டென்னு ஏறுங்கடி, மெட்டு ரோட்டுல மஞ்சு எறங்கிரும்" என்பாள். சட்டென்று என்பதற்குப் பெட்டென்னு, பனிக்கு மஞ்சு; தோட்டத்து முதலாளியிடம் பிடித்துக்கொண்ட மலையாளம் அது.

இவளும் பின்படியில் தொங்கிக்கொண்டு போனவள்தான். கங்காணியான பிறகு முன்சீட்டு, டிரைவர் ஆசாத்துக்குப் பக்கத்தில். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, அதன் பையில் முதலாளி கொடுத்த பேனா. எழுதத் தெரியாது. ஆனாலும் பேனா இல்லாமல் ஜீப்பு ஏறமாட்டாள்.

சின்னக்கருப்பு பெற்ற பிள்ளைகளில் கடைக்குட்டி இவள். மூத்தவர் அய்யாத்துரை. அவருக்குக் கடமலைக்குண்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒச்சம்மாள்தான் தாயில்லாத இந்த நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டவள். வாயால் வெளுத்து வாங்கியவளும் அவளே.

தோட்டத்தில் மத்தியானம் எல்லாச் சட்டியும் நடுவுக்கு வந்துவிடும். ஒருத்தி குழம்பை இன்னொருத்தி தொட்டு நக்கிக் குறை சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அதில் ஒச்சம்மாள் பெரிய ஆள். "ஏண்டி சங்கிலி, இதக் கொழம்புன்னா வச்ச? மாடு குடிச்சா ஒன்னய முட்டிப்பிடும்டி" என்பாள். சொல்லிக்கொண்டே மடியிலிருந்து உப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை போடுவாள். அட்டை கடித்தால் வைப்பதற்கு, தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொருத்தி மடியிலும் உப்பு முடிச்சு உண்டு.

ஆடியில் காய் எடுப்பு தொடங்கிய புதிதில், ஜீப்பில் போகும்போது ஒச்சம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்: "ஏண்டி, முன்சீட்டுல ஒக்காந்ததுலருந்து கழுத்து திரும்ப மாட்டேங்குதே, சுளுக்கா? வா, எண்ண போட்டு நீவி விடுறேன்." ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. ஆசாத்தும் சிரித்தான்.

மறுநாள் சங்கிலியம்மாளின் முகவாய் ஒச்சம்மாளைத் தாண்டிப் போயிற்று. "ஆளு நெறஞ்சுபோச்சு மதினி" என்றாள். பின்னால் ஓர் ஆள் உட்கார இடம் கிடந்தது. எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள்; பிறகு அவரவர் தூக்குச்சட்டியைப் பார்த்தார்கள். சில நாள் வந்து நின்று பார்த்த ஒச்சம்மாள், பிறகு முனைக்கு வருவதையே விட்டுவிட்டாள். வீட்டிலோ, தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிற புருஷன். யாராவது கூப்பிட்டால் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டப் போவாள். கூப்பிடாவிட்டால் அடுப்புக்கு ஓய்வு.

அன்றிலிருந்து சங்கிலியம்மாளின் குழம்பில் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. அவள் சொல்லி முடிக்குமுன் சிரிப்பு வந்தது. மீன் குழம்பு கொண்டுவந்தவள் நடுத்துண்டை இவள் சோற்றில்தான் வைத்தாள். இவளுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள், அவசரத்தில் மொச்சைக் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். மத்தியானம் எல்லோரும் உட்காரும்போது, "மொதலாளி போன்ல கூப்புடுறாகக்கா" என்று, காய் எடுக்க வருகிற திரிஷா ஓடிவந்து போனைக் கொடுத்தாள். பேசிவிட்டு வருவதற்குள் சட்டி முக்கால்வாசி காலி.

"அக்கா கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றாள் ரெஹானா.

"எனக்கு இன்னங் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்றாள் திரிஷா.

சங்கிலியம்மாள் ஒரு வாய் வைத்தாள். சப்பென்று இருந்தது. நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். எல்லார் மடியிலும் உப்பு இருந்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "வா ஆத்தா" என்றார் அய்யாத்துரை, கட்டிலில் கிடந்தபடியே. ஒச்சம்மாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள்.

"நாளைக்கு வந்துரு மதினி. இனி தெனமும் ஒனக்கு எடம் உண்டு."

"சரிங்க."

"என்னா சரிங்க? நாலு வசவு வையி மதினி. வஞ்சுபுட்டு வா."

"அதெல்லாம் எதுக்குங்க கங்காணியம்மா. வேல குடுத்தாப் போதும்."

"ஏன், வாய வாடகைக்கு விட்டுட்டியா?" என்று சங்கிலியம்மாள் சிரித்துப் பார்த்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. அய்யாத்துரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் குழம்பு கொதிக்கும்போது உப்பு டப்பாவைத் திறந்தாள், போடாமலே மூடிவைத்துவிட்டாள். மத்தியானம் அந்தச் சட்டியை நடுவில் வைக்காமல் நேரே ஒச்சம்மாள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

ஒச்சம்மாள் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்ற வாய் நின்றது. இடது கை தன்பாட்டுக்கு மடிக்குப் போய் முடிச்சின் நுனியைப் பிடித்தது. சங்கிலியம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் தலைநிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு, முடிச்சை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு, அடுத்த வாய்க்குச் சோற்றை உருட்டினாள்.