ரோஸ்விதாவின் இடது கன்னம்

கன்னத்தில் அழுத்தி, கண்ணை மூடி, மூன்று சுற்று. "குத்துது." பிரஷ் கழிவுக் கூடைக்குப் போகிறது. அடுத்தது. மூன்று சுற்று. "இதுவும் குத்துது. இத வச்சு யாருக்கு ஷேவ் பண்றது, பன்னிக்கா?"

பெக்ஹோஃபன் ஊரில் எங்கள் பட்டறையில் செய்யும் ஷேவிங் பிரஷ் எதுவும் ரோஸ்விதாவின் இடது கன்னத்தைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. ஊரில் இத்தனை தாடிக்காரர்கள் இருக்க, ஒரு முடிகூட முளைக்காத அந்தக் கன்னத்துக்கு என்ன தெரியும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு வாரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். பிரஷுக்கு எடுக்கும் வளைக்கரடி முடியின் வெள்ளை நுனியைக் கத்தரிக்கவே கூடாது, வெட்டுப்பட்டால் குத்தும். சின்னக் கிண்ணத்தில் நுனி கீழாகப் போட்டுத் தட்டித் தட்டித்தான் குவிக்க வேண்டும். அவசரத்தில் யாராவது கத்தரியை எடுத்திருந்தால் ரோஸ்விதாவுக்குத் தெரிந்துவிடும். தலைகீழாகச் சொருகிக்கொண்ட ஒற்றை முடியும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியாரின் சிவந்த தாடையைப் பார்த்து, "மட்டமான பிரஷ்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுப்பார்.

உயர்ரக முடி அவர் மேசையில்தான் கட்டப்படும். அங்கே ஓர் இடத்துக்காக லோத்தார் ஐந்து வருடமாகத் தவம் கிடக்கிறார். பன்னிரண்டு பிரஷ் கட்டினால் குறைந்தது பத்து தேற வேண்டும். ஏழுக்கு மேல் அவர் போனதில்லை.

போன வியாழக்கிழமை பல் பிடுங்கிக்கொண்டு நேரே வேலைக்கு வந்த ரோஸ்விதா, லோத்தாரின் பன்னிரண்டையும் வரிசையாகத் தேய்த்துப் பார்த்தார். "மெத்துனு இருக்கு. எல்லாமே."

பட்டறையே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. லோத்தார் தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டார். பிறகு பிளம் கேக் வாங்க ஓடினார்.

கேக்கோடு காபி குடிக்கும்போது ரோஸ்விதாவின் இடது வாயோரம் காபி ஒழுகிச் சட்டையை நனைத்தது. அவருக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். பல் டாக்டர் போட்ட ஊசியின் மரப்பு இன்னும் இறங்கவில்லை.

"அந்தப் பன்னண்டையும் கொண்டா."

"வேணாங்க. நீங்க ஒரு தடவ சொன்னா சொன்னதுதானே" என்றார் லோத்தார்.

"நான் எங்க சொன்னேன்? ஊசி சொல்லுச்சு."

இந்த முறை வலது கன்னம். ஒன்பது தேறின. இரண்டு குத்தின.

"கத்தரி வச்சியா?"

"சத்தியமா இல்லைங்க."

மீதி ஒன்று. லோத்தார் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ரோஸ்விதா ஒரு சுற்றுச் சுற்றினார். புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்து லோத்தாரை ஒருமுறை பார்த்தார். பிறகு பிரஷை மெதுவாக இடது கன்னத்துக்கு மாற்றி, கண்ணை மூடி, மீதி இரண்டு சுற்றையும் அங்கே சுற்றினார்.