சர்பத் பாட்டிலில் வந்த கடல்பாசி

கடல்பாசி என்று யாராவது சொன்னால் போதும், இன்றைக்கும் நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். அதைப் பாலில் காய்ச்சி, சீனி போட்டு, துண்டு துண்டாய் வெட்டி, "குளிர்ச்சி, சாப்பிடுங்க" என்று நீட்டுகிறார்கள். சீ! கொண்டுபோங்கள் அங்கிட்டு.

வெள்ளைக்காரன் காலம், தேனிக்கு முதன்முதலாய் ரயில் வந்த புதுசு. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்கு வயிறு திறக்கவில்லை. அனுமந்தன்பட்டியில் என் மாமியார், மகனுக்கு இரண்டாந்தாரம் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். தை அமாவாசைக்கு ராமேசுவரம் போனவள் கடலில் முங்கி எழுந்தபோது கையில் ஒரு கொத்துப் பாசி சிக்கியதாம். சாமியே கொடுத்தது என்று, அதைக் கடல்தண்ணியோடு ஒரு சர்பத் பாட்டிலில் அடைத்து, தக்கையை மெழுகால் பூசி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவன்று நான் அதைக் குடிக்க வேண்டும். அதற்கும் கரு தங்காவிட்டால் ஆவணியில் வீட்டுக்குப் புதுப்பெண் வருவாள்.

பாட்டில் சாமி மாடத்தில் இருந்தது. விளக்கேற்றுவது நான்தான். முதலில் பச்சையாய், பார்க்கச் சுமாராய்த்தான் இருந்தது. மாசி வெயில் ஏறியதும் பாசியின் நுனியெல்லாம் கூழாய்க் கரைந்து நூல் விட்டது. அப்புறம் மேலே சளி மாதிரி ஓர் ஆடை. அடியில் கறுப்பு வண்டல். வண்டலுக்குள்ளிருந்து குமிழி குமிழியாய்க் கிளம்பி வந்தது. கடல்தண்ணியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு, பாசியைத் தின்று கரைப்பதுதான் அவற்றின் பிழைப்பு என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அந்தச் சனியன்கள் பாட்டிலோடு வந்து எங்கள் வீட்டில் குடியேறி, ராப்பகலாய்த் தின்று கழிந்துகொண்டிருந்திருக்கின்றன. என் மாமியாரோ குமிழியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பொங்குது பாரு! சாமி உசுரோட இருக்காக. ஒனக்கு வயிறு தொறந்துரும்த்தா!"

திருவிழாவன்று தலைக்கு ஊற்றி ஈரச்சேலையோடு நிற்கிறேன். மெழுகைச் சுரண்டியதும் தக்கை தானாகத் தெறித்து விட்டத்தில் அடித்தது. அட கண்றாவியே! அழுகிய முட்டையும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். தொழுவத்து மாடு கயிற்றை இழுத்தது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தக் கறுப்புத் தண்ணியைத் தம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள்.

"மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு. மொகஞ் சுளிச்சா பலிக்காது."

வாய் வரை கொண்டுபோனேன். கொழகொழவென்று ஏதோ உதட்டில் பட்டது. உடம்பெல்லாம் கூசிப்போனது. குடிக்காவிட்டால் என் வாழ்க்கை போச்சு, அது தெரியும். ஆனாலும் ஒரு ஆத்திரம் வந்தது. இன்னொரு தம்ளர் எடுத்துப் பாதியை அதில் ஊற்றி, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தான வேணும்? அவுகளும் பாதி குடிக்கட்டும் அத்தை."

அவர் தம்ளரை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், அவ்வளவுதான். கொல்லைக்கு ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். மாமியார் பின்னாலேயே ஓடினாள்.

"ஐயோ எம்புள்ள! கருமம் பிடிச்ச தண்ணி, எம்புள்ளையக் கொன்னுருமே!" என்று கத்தி, அவர் தம்ளரைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் கொட்டினாள். முதுகைத் தடவிவிட்டாள். வாய் கொப்பளிக்க வெந்நீர் கொடுத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒம்பங்கு அப்பிடியே இருக்கே. குடிச்சிரு ஆத்தா."

குடித்தேன். அடியில் ஒட்டியிருந்த சளியைக்கூட விடாமல் குடித்தேன். ஆவணியில் அவர் புதுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தார்.