மேஸ்திரியம்மாவின் கத்தரி

போன வாரம் என் மகளுக்குப் பதவி உயர்வு வந்தது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை. இனி அவள் பொறுப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். இனிப்போடு வீட்டுக்கு வந்தவள், "எல்லாரும் என் ஃபிரெண்ட்ஸ்தாம்மா. அவங்களைப் போய் எப்படி அதட்டுறது? சிரிச்சுப் பேசியே சமாளிச்சுடுவேன்" என்றாள். அவள் ஜடை முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவும், எங்களோடு தங்கியிருந்த சித்தியும், தெருப் பெண்கள் பலரும் ஒரே துணி மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார்கள். கும்பலாகப் போவார்கள், கும்பலாகத் திரும்புவார்கள். அந்த வருடம் அம்மாவை மேஸ்திரியாக்கினார்கள். மறுநாளே 'அக்கா' மறைந்து 'மேஸ்திரியம்மா' வந்துவிட்டது. அம்மா அதற்குச் சிரித்தாள். ஆனால் ஊறுகாய் கேட்டு எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அந்தப் பிரிவில் கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட்டு இறங்கும். அதனால் பெண்கள் கொண்டை போட்டு, தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அம்மா எல்லோரையும் விரட்டி விரட்டிக் கட்ட வைத்தாள், சித்தி ஒருத்தியைத் தவிர. சித்தியின் ஜடை முழங்காலைத் தொடும். அதைப் பற்றி அம்மா மில்லில் வாயே திறக்க மாட்டாள். வீட்டில் சோறு போடும்போது மட்டும், "கொண்டை போட்டுக்கடி கண்ணு" என்று கெஞ்சுவாள். "சரிக்கா" என்பாள் சித்தி. மறுநாளும் ஜடைதான். மெல்ல மெல்ல மற்றவர்களும் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் எங்கள் வாசலில் நின்றே கேட்டுவிட்டாள்: "தங்கச்சிக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா, மேஸ்திரியம்மா?" அம்மா தலை நிமிராமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஆயுத பூஜையன்று குடும்பத்தாரை மில்லுக்குள் விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். அன்று சாயங்காலம் சித்தியைப் பெண் பார்க்க அல்சூரிலிருந்து வருவதாக இருந்தது. ஜடை நிறைய மல்லிகை, நுனியில் பட்டுக் குஞ்சம். பூசணிக்காய் உடைத்த பிறகு மெஷின்களை ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டினார்கள். நாங்கள் கை தட்டினோம். எனக்குப் பொரி எடுத்துத் தருவதற்காகச் சித்தி குனிந்தாள். ஜடை தோளிலிருந்து சரிந்தது. குஞ்சம் பெல்ட்டோடு போனது.

அவள் கத்தவில்லை. தலை ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுபட, கையில் பொரியோடு மெஷினை நோக்கிப் போனாள். "நில்சு! நில்சு!" என்று யாரோ கன்னடத்தில் அலறினார்கள். சுவிட்சை அணைத்தும் தண்டு உடனே நிற்கவில்லை. அம்மாவின் இடுப்பில் நூல் வெட்டும் கத்தரி எப்போதும் தொங்கும். பாய்ந்து வந்து சித்தியின் பிடரியில் முழங்கையை ஊன்றி, ஜடையின் அடியில் கத்தரியைக் கொடுத்தாள். ஒரே வெட்டில் அறவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் ஜடை அறுந்து, பூவோடு மேலே போய், தண்டில் சுற்றிக்கொண்டு படீர் படீரென்று அடித்தது. எங்கள் தலையிலெல்லாம் மல்லிகை உதிர்ந்தது. இன்றுவரை நான் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை.

அல்சூர்க்காரர்கள் தெருமுனையிலேயே விஷயத்தைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இனி மில் வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்: "மில்லுல வெச்சு ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்லக்கா?" யாராவது திட்டு கேட்டு அழுவார்களா என்று எனக்கு விசித்திரமாக இருந்தது.

மில் மறுபடி திறந்த அன்று காலை அப்பாவின் அலறலில்தான் கண் விழித்தேன். "நான் உயிரோட இருக்கேன்டி!" அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் அதே கத்தரி. மடியில் அவள் கூந்தல் முழுவதும் கிடந்தது. அம்மாவின் கழுத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பயத்தில் நானும் அலறினேன்.

"இவ இந்தத் தலையோட அத்தனை பேர் முன்னால போய் நிக்கணும்ல. தனியாவா போவா?" என்றாள் அம்மா, சித்தியைக் காட்டி. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தி எழுந்து வந்தாள். கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். ஒன்றை அம்மாவின் தலையில் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இழுத்தாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும்."

"இன்னும் இறுக்கு."

மற்றதைச் சித்தி தன் தலையில் கட்டிக்கொள்ள, இருவரும் தெருவில் இறங்கினார்கள். மில்லுக்குக் கிளம்பிய பெண்கள் வாசல்களில் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் ஜடையைச் சுருட்டிக் கொண்டை போட்டாள்.

அன்று சாயங்காலம் சித்தி வேலையிலிருந்து திரும்பி வந்து, அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "கட்டுன துணியிலேருந்து ரெண்டு முடி வெளியே வந்துடுச்சாம். அத்தனை பேர் முன்னாலயும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா, உங்க பொண்டாட்டி!"

வெட்டிய தலையில் வெளியே வர அப்படி என்ன முடி இருந்துவிடப் போகிறது என்று எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரமாக வந்தது. கூந்தலும் போய், வந்த சம்பந்தமும் போய், இப்போது ஊரார் முன்னால் மானமும் போயிற்றே என்று சித்திக்காக அழுகை வந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அம்மா, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு எது நல்லபடியாக நடந்துவிட்டது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.