கழிவுத் தண்ணீரில் ஒரு கணக்குப் பாடம்

அந்த அம்மாவை எனக்கு இன்றுவரை பிடிக்காது. எங்காவது எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியிலேயே போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரி வந்தால்தான் குளியல் என்றாகிவிட்டிருந்தது. பாடம், லிட்டரும் மில்லிலிட்டரும். ஒல்லியான உயர பாட்டில் ஒன்றையும் குட்டையான அகல டப்பா ஒன்றையும் மேசைமேல் வைத்து, எதில் அதிகம் பிடிக்கும் என்று கேட்டேன். வகுப்பு மொத்தமும் பாட்டில் என்றது. இல்லை என்று நான் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். ஊற்றிப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஸ்டாஃப் ரூமில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கழித்துவிடும் தண்ணீர் ஒரு வாளியில் விழும். ஆயா அதில்தான் தரை துடைப்பார். அரை வாளி கேட்டேன். "பேடா மிஸ், சும்னே ப்ராப்ளம்" என்றார் கன்னடத்தில். வேண்டாம், வீண் வம்பு என்ற அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

தரையில் செய்தித்தாள் விரித்து, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். ஊற்றினார்கள், எண்ணினார்கள், சண்டை போட்டார்கள், சாக்ஸை நனைத்துக்கொண்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பாட்டிலுக்கு நான்கு டம்ளரும் டப்பாவுக்கு ஆறும் எண்ணினாள். நம்பவில்லை. இரண்டையும் வாளியில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் நான்கு, ஆறு. என்னிடம் வந்து தமிழில், "மிஸ், இந்த பாட்டில் பொய் சொல்லுது" என்றாள். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நிமிஷம் அது.

அவளுடைய அம்மா அப்போது கதவருகே நின்றிருந்தார். மகள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தார். நான் சிரித்தேன். அவர் கையில் போன் இருந்தது.

மறுநாள் காலை பக்கத்து வகுப்பு டீச்சர் எனக்குக் காட்டினார். பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் ஈரத் தரையின் படம். கீழே, "நாங்க அரை பக்கெட்ல குளிக்கிறோம். இங்க தண்ணில விளையாட்டு." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பதினோரு மணிக்கு பிரின்ஸிபல் கூப்பிட்டார். அந்த அம்மா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"குடிக்கிற தண்ணி இல்லீங்க அது. மெஷின் கழிச்சுவிடறது. பாடம் முடிஞ்சதும் வாளிலயே ஊத்திட்டோம்" என்றேன்.

அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப கழிவுத் தண்ணில எங்க பசங்க கையை விடச் சொன்னீங்களா, மிஸ்?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும்படி அவர் கேட்டுவிட்டார்.

"உங்க பொண்ணு நேத்து என்ன கண்டுபிடிச்சான்னு கேட்டீங்களா?"

"சாக்ஸ் நனைஞ்சு வந்தா. அதைக் கேட்டேன்."

பிரின்ஸிபல் இடையில் புகுந்தார். "ஆக்டிவிட்டின்னா பேப்பர், கலர், கத்தரிக்கோல். தண்ணி எதுக்கு மிஸ்?" பள்ளி வாசலில் 'செய்து கற்போம்' என்று ஆளுயரப் பலகை வைத்தவர் இவர்தான். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். அது எந்தத் தண்ணீர் என்று விளக்கியிருந்த வரியை அவரே பேனாவால் அடித்துவிட்டு, திருத்தி எழுதி வாங்கிக்கொண்டார்.

இதுவரை சொன்னதில் நான் நல்லவள். இதற்கப்புறம் அப்படி இல்லை.

அடுத்த வாரம் அச்சடித்த தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னேன். அந்தப் பெண் கை தூக்கினாள். நான் பின்வரிசைப் பையனைக் கேட்டேன். மறுநாளும் தூக்கினாள். அந்த முகத்தில் அவள் அம்மாவின் மூக்கும் தாடையும் இருந்தன, எனக்கு அவைதான் தெரிந்தன. ஒரு முறை என் மேசைக்கே வந்து, "மறுபடி எப்ப மிஸ் ஊத்துவோம்?" என்றாள். "உங்கம்மாவைக் கேளு" என்றேன். எட்டு வயதுக் குழந்தையிடம். சில நாட்களில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மார்ச் கடைசியில் பெற்றோர் கூட்டம். அந்த அம்மா மதிப்பெண் அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் நாற்காலி விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கணக்குன்னா ஆசையா இருந்தா. இப்ப புக்கையே தொடமாட்டேங்கறா. கிளாஸ்ல ஏதாவது நடந்துச்சா மிஸ்?"

உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு அந்தக் குரலில் பொறி எதுவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"ஒண்ணும் இல்லீங்க. வீட்ல கொஞ்சம் பிராக்டிஸ் குடுங்க" என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.